வெளிக்கதவு

திருத்தணியில் என்னை இன்றைக்கும் தேசபக்தன் என்று நம்புகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். சீமையில் பெரிய படிப்புப் படித்துக்கொண்டிருந்த பையன், சுதந்திரம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், வெள்ளைக்காரன் பட்டம் எனக்கெதற்கு என்று உதறிவிட்டுக் கப்பலேறிவிட்டான் என்பது கதை. நாற்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் நான் ரயிலை விட்டு இறங்கியபோது பிளாட்பாரம் முழுக்கக் காவடிக் கூட்டம். அந்த நெரிசலிலும் நாலு பேர் மாலையோடு காத்திருந்தார்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று எவ்வளவோ சொன்னேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஊர் ஒருவனைப் பற்றி நல்லதாக ஒரு பொய்யைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அதைக் கலைப்பது லேசான காரியமில்லை.

நான் திரும்பியதற்குத் தேசமும் காரணமில்லை, பக்தியும் காரணமில்லை. ஒரு வருஷப் படிப்பில் என் அறை வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அப்போது எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. வீட்டில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. என் தகப்பனாரை நைனா என்று கூப்பிடுவோம். திருவாலங்காடு போகிற வழியில் அவருக்கு நெல்லும் கரும்பும் விளையும் நிலம் இருந்தது. நான் சென்னையில் சரித்திரம் படித்து, சர்க்கார் உபகாரச் சம்பளம் கிடைத்து, கம்பெனி காலத்தில் எங்கள் பக்கத்து நிலங்களுக்கு எப்படித் தீர்வை போட்டார்கள் என்று ஆராய்ச்சி செய்யப் போனேன். நைனாவின் நிலம் வரப்பு வரப்பாக எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிலத்தின் சரித்திரத்தைப் படிக்க ஏழு கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. காகிதமெல்லாம் அவர்களிடம் இருந்தது.

அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த பாவா, என் அக்காவின் புருஷன், பம்பாய் மெயிலில் ஏற்றிவிட வந்தார். "யார்னா வம்புக்கு வந்தா தெலுங்குல திட்டிடு. அவனுக்கும் புரியாது, உனுக்கும் மனசு ஆறிடும்" என்றார். அம்மா ஒரு டின் நிறையக் காப்பிப் பொடி கொடுத்திருந்தாள். வருகிறவர்களுக்குப் போட்டுக் கொடு என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

நான் போன பல்கலைக்கழகத்தின் பேரும் வேண்டாம், கல்லூரியின் பேரும் வேண்டாம். பெரிய பேர்கள். சொன்னால் அலட்டிக்கொள்கிறேன் என்று தோன்றும். ஐப்பசி மழை மாதிரி ஒரு மழையில் போய்ச் சேர்ந்தேன், ஆனால் அந்த மழைக்குச் சத்தமே இல்லை. நடுவில் சதுரமாக ஒரு புல்வெளி, சுற்றிலும் கல் கட்டடம், மூலைக்கு மூலை படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கட்டிலும் மாடிக்கு மாடி அறைகள். புல்லின் மேல் ஆசிரியர்கள் மட்டும் நடக்கலாம். நாங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எங்கள் ஊர்க் கோவில் பிராகாரத்தில்கூட இவ்வளவு சுற்றியதில்லை.

யுத்தம் முடிந்திருந்தது, ஆனால் ரேஷன் முடியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, அவரவர் பங்கு வெண்ணெயைச் சின்ன ஜாடியில் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய கூடத்துக்குப் போவோம். யாரோ லத்தீனில் நாலு வரி சொல்வார்கள், எல்லோரும் எழுந்து நிற்போம். மேடைமேல் ஆசிரியர்கள், கீழே நீள பெஞ்சியில் நாங்கள். நான் சைவம் என்பதால் என் தட்டில் எல்லா நாளும் அவித்த முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும். பக்கத்தில் உட்காருகிறவன் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வான். நானும் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வேன். சாப்பாட்டு மேசையில் படிப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு வழக்கம். பேச்சு அதோடு சரி.

அங்கே படிப்பு எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பல வாரம் ஆயிற்று. வகுப்பில் பேராசிரியர் எழுதி வைத்ததை வாசித்துவிட்டுப் போவார். போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. என் வழிகாட்டி ஒரு கிழவர். நல்ல மனிதர், எப்போதாவது கூப்பிட்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் ஷெர்ரி ஒயின் நீட்டுவார், நான் வேண்டாம் என்பேன், அவர் என்னுடைய கட்டுரையைப் புரட்டிவிட்டு "மேலே எழுதுங்கள்" என்பார். நிஜமான படிப்பு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைகளில் நடந்தது. கணப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒருவன் ஒரு கருத்தைச் சொல்வான், மற்றவர்கள் அதைத் துவைத்துக் காயப்போடுவார்கள். மறுநாள் அவன் அதைத் திருத்தி எழுதுவான். சரித்திரம், கணக்கு, தத்துவம் எல்லாம் அப்படித்தான் உருவாயின. இதை நான் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, காதால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேல் மாடியில் சிரிப்புக் கேட்கும். நாற்காலி இழுபடும். யாரோ உரக்க மறுப்பார்கள். கெட்டில் விசில் அடிக்கும். கீழே நான் மட்டும் என் காகிதங்களோடு உட்கார்ந்திருப்பேன்.

நான் பேச்சுப் பைத்தியம். சென்னை ஹாஸ்டலில் என் கட்டிலில்தான் எல்லோரும் கூடுவார்கள். சண்டை போடாமல் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனுக்கு ஒரு கருத்தைச் சொல்லி ஏச்சு வாங்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. படிப்பும் வரவில்லை. தனியாக எழுதிய எதுவும் எனக்கே பிடிக்கவில்லை. காப்பி போட இரண்டு கோப்பைகளை எப்போதும் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். டின்னைத் திறக்கவில்லை. வருகிறவனுக்காக வைத்திருந்தேன்.

குளிரைச் சொல்ல வேண்டும். அந்த வருஷக் குளிரை அந்த ஊர்க்காரர்களே கண்டதில்லை என்றார்கள். நிலக்கரி கிடையாது. ஜாடியில் தண்ணீர் உறைந்துவிடும். படிக்கட்டில் காற்று கத்தி மாதிரி ஏறி வரும். என் அறைக்கு இரண்டு கதவுகள். உள்ளே சாதாரணக் கதவு, அதற்கு வெளியே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கனமான தேக்கு மாதிரி ஒரு கதவு. வந்த முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது: குளிருக்காகத்தான் இரட்டைக் கதவு போட்டிருக்கிறார்கள், புத்திசாலிகள். உள்ளே போனதும் இரண்டையும் இழுத்துச் சாத்திக்கொள்வேன். காலையில் அறை பெருக்க வரும் அம்மாள் தன் சாவியால் திறந்து வேலையை முடித்துவிட்டு, இருந்தபடியே இரண்டையும் சாத்திவிட்டுப் போவாள். வெயில் நாள் வந்தபோதும் எனக்குக் குளிர்தான். சாத்தியே வைத்திருந்தேன்.

சாயங்காலங்களில் படியேறி வரும் காலடிகள் என் கதவுக்கு நேரே ஒரு கணம் நிற்கும். பிறகு போய்விடும். ஒரே ஆளுடைய நடை என்று பழகப் பழகத் தெரிந்தது, இடது காலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கும் நடை. எதிர் அறைக்காரன் என்று நினைத்தேன். விமானப் படையின் பழைய நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு திரிவான், யுத்தத்திலிருந்து திரும்பிப் படிக்க வந்தவன். முற்றத்தில் எதிர்ப்பட்டால் தலையசைப்பான். அதற்குமேல் இல்லை. மூச்சு வாங்க நிற்கிறான் போலிருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். சில நாள் எழுந்து கதவருகே போய் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதும் உண்டு. தட்டினால் திறக்கலாம் என்று. தட்டமாட்டான். நானாகத் திறப்பதற்கு எனக்கு ரோஷம். கூப்பிடாமல் போய் நிற்க நான் என்ன பிச்சைக்காரனா? என் நிறத்துக்கு இந்த வாசலில் இவ்வளவுதான் மரியாதை என்று முடிவு கட்டினேன். நிறத்தைப் பார்த்து ஒதுங்கியவர்கள் அங்கே இல்லாமல் இல்லை, கடைத்தெருவில் நேருக்கு நேரே அனுபவித்திருக்கிறேன். அதனால் எல்லோரையும் அதே கணக்கில் சேர்ப்பது சுலபமாக இருந்தது.

வைகாசி வாக்கில் வழிகாட்டியிடம் போய், நான் ஊருக்குத் திரும்புகிறேன், ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர், "உங்கள் தீர்மானத்தில் தலையிட எனக்கு உரிமையில்லை" என்றார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். சொல்லவில்லை. அந்தக் கோபத்திலேயே உபகாரச் சம்பளத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். என் இடத்துக்குச் சென்னையிலிருந்து இன்னொருவனை எடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. 'இங்கே எனக்கு ஒருத்தரும் இல்லை, வருகிறேன்' என்று நைனாவுக்கு எழுதிப்போட்டேன்.

கப்பலுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தபோது பெட்டிகளை முன்னதாக அனுப்ப வேண்டியிருந்தது. மத்தியானம் இரண்டு ஆட்கள் வந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கினார்கள். அவர்கள் போக வர வசதியாக வெளிக்கதவைச் சுவரோடு சுவராகத் திறந்து வைத்தேன். ஆட்கள் போன பிறகு காலியான அறையில் உட்கார்ந்திருந்தேன். உள்கதவில் யாரோ தட்டினார்கள்.

எதிர் அறைக்காரன். "வரலாமா? உங்கள் வெளிக்கதவு திறந்திருந்தது" என்றான்.

"காற்றுக்காகத் திறக்கவில்லை, பெட்டி தூக்கத் திறந்தேன்" என்றேன், சிடுசிடுப்பாக.

அவன் சிரிக்கவில்லை. "இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் அது திறந்திருக்கப் பார்க்கிறேன். நீங்கள் இவ்வளவு கடுமையாக உழைக்கிறவர், தொந்தரவு செய்யலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்கும் நான் புரியாமல் விழிப்பது புரியவில்லை. பிறகு மெதுவாக விஷயம் வெளியே வந்தது. அந்தக் கல்லூரிகளில் வெளிக்கதவு குளிருக்காக இல்லை. அது திறந்திருந்தால் யாரும் வரலாம், உள்கதவைத் தட்டலாம் என்று அர்த்தம். அது சாத்தியிருந்தால், உள்ளே இருப்பவன் தனிமை வேண்டும் என்று கேட்கிறான் என்று அர்த்தம். அப்போது தட்டுவது பெரிய அநாகரிகம். தீப்பிடித்தால்கூடத் தட்ட யோசிப்பார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அங்கே வருகிற பையன்களுக்கு அண்ணனோ அப்பனோ அங்கே படித்திருப்பான், வீட்டிலேயே தெரிந்துவிடும். எனக்கு யார் சொல்வது? எங்கள் தெருவில் பகலில் கதவைச் சாத்தினால் அண்டை வீட்டுக்காரி என்ன ஆச்சோ என்று ஓடிவந்து இடிப்பாள்.

"நாங்கள் உங்கள் வாசலைத் தாண்டும்போது பேச்சைக் குறைத்துக்கொள்வோம். இந்தப் படிக்கட்டிலேயே நிஜமான அறிஞர் நீங்கள் ஒருவர்தான் என்று எல்லோருக்கும் ஒரு மரியாதை" என்றான் அவன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு, பாதியில் வேறு என்னவோ ஆகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அப்படியென்றால் தினமும் என் கதவுக்கு முன்னால் நின்றது?" என்று கேட்டேன்.

அவன் முகம் சிவந்துவிட்டது. தபால்களை வைக்கும் மாடத்தில் என் உறைகளின் மேல் திருத்தணி என்று எழுதியிருப்பதைப் பார்த்தானாம். யுத்தத்தின்போது அவன் அரக்கோணம் ஏரோட்ரோமில் இருந்தவன். அங்கே பட்டறையில் வேலை செய்த ஒரு முஸ்லிம் மெக்கானிக், பாய் என்றுதான் சொன்னான், அவனுக்குச் சிநேகம். லீவு நாளில் பாய் அவனைத் திருத்தணிக்கு அழைத்துக்கொண்டு வந்து, தான் அடிவாரத்தில் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, அவனை மட்டும் மலைக்கு அனுப்பினாராம். மேலே ஏறி நின்று பார்த்தானாம். கீழே வயலெல்லாம் தண்ணீர் நின்றதாம், ரேணிகுண்டாப் பக்கம் ஒரு ரயில் புகைவிட்டுக்கொண்டு போனதாம். "யுத்தத்தில் எனக்கு நல்லது என்று நடந்தது அது ஒன்றுதான். இங்கே யாரிடம் சொன்னாலும் யுத்தக் கதை சொல்கிறேன் என்று எழுந்து போய்விடுகிறார்கள். உங்களிடம் சொல்லலாம் என்று வருவேன்" என்றான்.

பிறகு கொஞ்சம் தயங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அரக்கோணம் பஜாரில் கேட்கிற அதே ராகத்தில் சொன்னான்: "இன்னா பா, நாஷ்டா துன்ட்டியா?"

காலைப் பலகாரம் தின்றாயா என்று பாய் தினம் அவனைக் கேட்பாராம். ஒரு வருஷமாகத் தமிழில் ஒரு சொல் காதில் விழாமல் நான் தவித்திருக்கிறேன். தூக்கம் வராமல் நானே சத்தமாகப் பேசிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஒருவன் நாள்தோறும் என் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டு, என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று திரும்பிப் போயிருக்கிறான்.

"ஆங், துன்ட்டேன்" என்றேன்.

டின்னைத் திறந்து காப்பி போட்டேன். வாசனையே போய்விட்டிருந்தது. பால்பவுடர் வேறு. வெறும் கசப்பு. இரண்டு பேரும் குடித்தோம். பாயின் பீடி, பட்டறைத் தகரக் கூரைமேல் விழும் மழை, வெயில் காலத்தில் அரக்கோணம் ஸ்டேஷனில் விற்கிற நுங்கு என்று அவன் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். அவன் வாயால் என் ஊரைக் கேட்க எனக்கு ஆசை அடங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க வெளிக்கதவு திறந்தே கிடந்தது. செய்தி படிக்கட்டு பூராவும் பரவிவிட்டது. மேல்மாடியில் தத்துவம் படிக்கிறவன் வந்தான், வைத்தியம் படிக்கிறவன் வந்தான், யாருடைய சிரிப்பு எது என்று இப்போது முகத்தோடு தெரிந்தது. நாற்காலிகளை முன்பே விற்றாயிற்று, தரையில் உட்கார்ந்தோம். கம்பெனிக்காரன் கிராமத்துக் கணக்கை ஒருநாளும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பிடித்துக்கொண்டார்கள். எங்கே ஆதாரம், எந்தக் கிராமம், ஏன் அப்படி என்று என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். மறுநாள் எழுதினேன். ஒரு வருஷத்தில் வராத அத்தியாயம் அந்த நாலைந்து நாளில் வந்தது. நன்றாகவும் இருந்தது. இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

ரோஷத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வழிகாட்டியிடம் போனேன். இருந்துவிடலாமா என்று கேட்டேன். அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். புதுப் பையன் பம்பாயில் கப்பலேறத் தயாராகிவிட்டான் என்றார். "நீங்கள் எங்களை விரும்பவில்லை என்று நினைத்தேன். அதனால்தான் தடுக்கவில்லை" என்றார். கிழவரும் என்னைப் போலத்தான், கேட்காமலே முடிவு கட்டியவர்.

எதிர் அறைக்காரன் ஸ்டேஷன் வரை வந்தான். மூட்டையை அவன்தான் தூக்கினான், இடது காலைக் கொஞ்சம் அழுத்திக்கொண்டு. ரயில் புறப்படும்வரை தமிழில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்த்தான். தண்ணி கொண்டா. மெதுவா போ. நாளைக்கி வா.

அந்த ஒரு வாரத்துக்கு இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. மற்ற மாதங்கள் நினைவில் மங்கிவிட்டன. தரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலங்கள் மட்டும் மங்கவில்லை. பிற்பாடு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன், நல்ல பையன்கள், நல்ல ஊர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கருத்தைச் சொன்னதும் நாலு பக்கமிருந்தும் பாய்ந்து வந்து கடிக்கிற அந்தச் சுகம் பிறகு எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து சில நாள் கழித்து நைனாவோடு கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தேன். அதுவரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றவர், "ஒருத்தரும் இல்லன்னு எய்தியிருந்தியே, அவ்ளோ கெட்ட ஜனங்களா அவங்க?" என்றார்.

"இல்ல நைனா. நல்லவங்க. பேசறதுக்குத்தான் வந்துகினு இருந்தாங்க. எனுக்குத் தெரியல."

கதவு விஷயத்தைச் சொன்னேன். எதிர் அறைக்காரனைப் பற்றிச் சொன்னேன், அரக்கோணத்தில் இருந்தவன், நம்ம மலைமேல ஏறினவன் என்று. நைனா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"திரும்பிப் போவ முடியாதா?" என்று கேட்டார்.

நான் வந்ததில் அவருக்குச் சந்தோஷம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "முடியாது நைனா" என்றேன். கப்பலில் வராத அழுகை அப்போது வந்தது. அவர் மடையைத் திருப்பிவிட்டு வந்து வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் புள்ள பேர் இன்னா?" என்றார். சொன்னேன். அவருக்கு வாயில் நுழையவில்லை. சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.